துண்டு போட்ட இடம்

லூர்துமேரி உள்ளே வந்ததும் உட்காரக்கூட இல்லை. கைப்பையை என் மேஜைமேல் வைத்தாள், பின்னால் நின்ற புருஷனைக் காட்டினாள்.

“இந்தத் துளசி யாருன்னு நீங்களாவது சொல்லுங்க மேடம்.”

துளசி என்று எங்கள் ஆபீசில் யாரும் கிடையாது. அதைச் சொன்னேன்.

“உங்க ஆபீஸ் துளசி இல்ல, இவரோட துளசி. பதினோரு நாளா துளசி, துளசின்னு கூப்புடுறாரு. யாருன்னு கேட்டா தெரியாதாம். தெரியாதவள எதுக்குங்க கூப்புடணும்? எனக்கு எப்பவோ காது குத்தியாச்சு.”

அவள் புருஷன் மரியசூசை ஜன்னல் வரை போனார், கதவு வரை வந்தார், மறுபடி ஜன்னலுக்குப் போனார். இரண்டு கையாலும் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே நடந்தார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து, உடனே எழுந்துகொண்டார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கும் நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை.

மரியசூசை வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் டிரையர் பார்க்கும் ஃபிட்டர். நான்கு வருடம் முன்பு மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் தப்பியது, ஆனால் அதற்குப் பிறகு எதுவும் மனதில் தங்கவில்லை. கல்யாணம் நினைவிருக்கும், காலையில் தின்ற இட்லி நினைவிருக்காது. அந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் எங்கள் பட்டன். சட்டைப் பொத்தான் அளவில் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் இருபது நிமிடம்தான் பிடிக்கும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை தன்னிடம் சேர்ந்ததைக் கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் சர்வருக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்கு நேற்றையும் போன மாதத்தையும் போன வருடத்தையும் வாங்கிக்கொள்ளும். இந்தப் போக்குவரத்துக்குப் பெயர் செஷன். அது ஓடும்வரை ஆள் முழு ஆள். இவர் டிரையரைப் பிரித்து மாட்டுவார், மூன்று வயது மகள் ரெஜினாவைத் தோளில் தூக்கிக்கொண்டு சர்ச்சுக்குப் போவார். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

பட்டனிடமிருந்து நான்கு மணி நேரம் சத்தமே இல்லையென்றால், ஆள் போய்விட்டார் என்று சர்வர் முடிவு கட்டிவிடும். செஷனை மூடி, உள்ளே இருப்பதை அழித்துவிடும். ஒருவருடைய மனசு கேட்பாரில்லாமல் கிடக்கக் கூடாது என்று சட்டம். சட்டம் போட்டவர்கள் மழைக்காலத்தில் வால்பாறைக்குப் போனதில்லை என்று நினைக்கிறேன். அங்கே ஒரு மரம் சாய்ந்தால் போதும், அரை நாள் சிக்னல் இருக்காது.

அதற்கு எங்கள் ஆபீசில் ஒரு வழி வைத்திருந்தோம். கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து சீட் பிடிப்போமே, அதே வேலைதான். அலமாரியிலிருந்து காலிப் பட்டன் ஒன்றை எடுத்து அந்த ஆளுடைய செஷனில் இணைத்துவிடுவோம். அது சர்வரிடம் ‘இருக்கேன், இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சிக்னல் வந்ததும் எடுத்துவிடுவோம். கையேட்டில் இதெல்லாம் கிடையாது. ஆனால் ‘வேணி, சூசைக்கு ஒரு துண்டு போடும்மா’ என்றால் ஆபீசில் எல்லோருக்கும் புரியும். நான் அம்சவேணி. ஆறு வருடத்தில் நான் போட்ட துண்டுக்குக் கணக்கே இல்லை, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இல்லை, இருந்தது.

“அண்ணா, நீங்க சொல்லுங்க. துளசின்னு கூப்பிடும்போது என்ன தெரியுது?” என்று மரியசூசையைக் கேட்டேன்.

நடையை நிறுத்தாமல் சொன்னார். “ஒரு ரூம்ல படுத்திருக்கேன். எங்க வீடு இல்ல. எங்க வீட்ல ஃபேன் கிடையாது, அங்க எதுக்கு ஃபேன்? இங்க மேல ஃபேன் சுத்துது. நெஞ்சு அடைக்குது. எந்திரிக்க முடியல. துளசின்னு கூப்புடுறேன். பக்கத்து ரூம்ல அவ இருக்கா மேடம். டம்ளர் வைக்கிற சத்தம் கேக்குது. சேர் நகர்ற சத்தம் கூடக் கேக்குது. வரல. திரும்பக் கூப்புடுறேன். வரல.”

“இது எப்போ நடந்துச்சு?”

“இப்பத்தான்,” என்றார். “இப்பத்தான் மேடம். பத்து நிமிஷம் இருக்கும். எப்பக் கேட்டாலும் இப்பத்தான்.”

பதினோரு நாளுக்கு முன்புதான் மலைப்பாதையில் மண் சரிந்து, மூன்று டவர் ஒரே நேரத்தில் படுத்தது. அறுபத்தோரு பேருக்குத் துண்டு போட வேண்டியிருந்தது. அலமாரியைத் துடைத்து எடுத்தேன். கடைசிப் பட்டனை மரியசூசைக்குத்தான் போட்டேன், நன்றாக நினைவிருக்கிறது.

இருவரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு அந்தப் பட்டனின் எண்ணைத் தேடினேன். அது காலிப் பட்டன் இல்லை. நாச்சிமுத்து, அறுபத்தேழு வயது, கோயம்புத்தூரில் கணபதிப் பகுதி. ஒரு மாதம் முன்பு இறந்துவிட்டார். பட்டனைத் திருப்பிக் கொடுத்தவர் மனைவி. பெயர் துளசிமணி.

திரும்பி வரும் பட்டன்களைக் கவுண்டரில் வாங்கினால் துடைத்த பிறகுதான் அலமாரிக்குப் போகும். துடைப்பதற்கு முன்னால் குடும்பத்தாரிடம் ஒரு கேள்வி கேட்போம்: ‘கடைசி இருபது நிமிடம் வேண்டுமா?’ பெரும்பாலும் வேண்டும் என்பார்கள். அழுதுகொண்டே கேட்டுவிட்டுப் போவார்கள். இந்த அம்மா கவுண்டருக்கு வரவில்லை. வாசலில் செக்யூரிட்டி கையில் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். செக்யூரிட்டி நல்ல மனதோடு அதை நேரே அலமாரியில் வைத்துவிட்டார். நான் பார்க்காமல் எடுத்து மாட்டிவிட்டேன். யார்மேல் பழி போடலாம் என்று யோசித்தேன், சுற்றிச் சுற்றி என்னிடம்தான் வந்து நின்றது.

என் மேலதிகாரி ஹபீப் அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“செத்தவரோட கடைசி இருபது நிமிஷம் இவரோட செஷன்ல ஏறிடுச்சு. சரி. ஆனா ஏன் அடங்காம திரும்பித் திரும்பி வருது?” என்று கேட்டேன்.

“நாமதானம்மா அப்படி எழுதி வெச்சோம். அடுப்புல பால் வெச்சதை அவங்க மறந்துடக் கூடாதுன்னு, முடியாம நிக்கிற வேலை எதுவா இருந்தாலும் ஒவ்வொரு ரவுண்டுலயும் மேல தூக்கி வைன்னு சர்வருக்குச் சொன்னது யாரு? நாமதான். அந்த மனுஷன் கூப்பிட்டாரு, யாரும் வரலை. வேலை முடியலை. அதனால திரும்ப வருது.”

“அதை மட்டும் அழிச்சிடலாமேண்ணா.”

“எது அதுன்னு எப்படித் தெரியும்? உள்ள இருக்கிறது நமக்குத் தெரியாது. சாவி அவங்க தலையிலதான். நமக்குத் தெரியிறது ரெண்டு வார்த்தை. முடிஞ்சது, முடியலை. அவ்வளவுதான். முழு செஷனையும் மூடலாம். மூடினா நாலு வருஷம் போச்சு.”

“மூடாம விட்டா?”

திரையில் ஓர் இடத்தை விரலால் தட்டிக் காட்டினார். “திரும்ப வர்ற ஒவ்வொரு தடவையும் ஒரு காப்பி விழுது. ஒரு நாளைக்கு எழுபத்திரண்டு. இடம் ரொம்பிடுச்சு. அதனால அடியில இருக்கிற பழசை வெளியே தள்ளுது. கிட்டத்தட்ட ஒரு நாளைக்கு ஒரு மாசம். பதினோரு மாசம் ஏற்கெனவே போயிடுச்சு. அது இனிமே வராது.”

காய்ச்சல் வந்த பன்னிரண்டாவது மாதத்தில்தான் ரெஜினா பிறந்தாள். அந்த வாரம் லூர்துமேரி எனக்குப் போன் போட்டு, ‘புள்ள முகம் பட்டன்ல ஏறிடுச்சா பாருங்க மேடம்’ என்று கேட்டிருந்தாள். நாளைக்கு அந்த மாதம் போகும். அடுத்த மாதக் கடைசிக்குள் எல்லாம் போய்விடும், ரெஜினா அவருக்கு யாரோ வீட்டுக் குழந்தை ஆகிவிடுவாள்.

“ஒரே வழிதான் இருக்கு. அந்த வேலை முடியணும். அவர் கூப்பிடுறப்ப அந்தம்மா வரணும். முடிஞ்சிடுச்சுன்னா சர்வரே அதையும், அதை ஒட்டிச் சேர்ந்ததையும் மொத்தமா தூக்கிடும்,” என்றார் ஹபீப் அண்ணன்.

“அந்தம்மாகிட்ட போய் எப்படிண்ணா கேக்கிறது?”

“தெரியலை. ஆனா எழுத்துல நான் இதை இன்னிக்கே மேலே சொல்லிடுவேன் வேணி. உன் பேர் வரும். என் பேரும் வரும்.”

சரி என்றேன். அந்த நிமிடத்தில் வேலை போவதைப் பற்றிப் பயமே வரவில்லை, அதற்கு மனதில் இடமில்லை.

கணபதிக்குக் காரில் போகும்போது லூர்துமேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துளசி அறுபது தாண்டிய பெண்மணி என்றதும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. மகள் விஷயத்தைச் சொன்னதும் அது போய்விட்டது. பக்கத்தில் மரியசூசை கார்க் கதவின் பூட்டைத் திருகிக்கொண்டே வந்தார். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் “துளசி” என்றார். எங்கள் ஆபீஸ் இருக்கும் சரவணம்பட்டியிலிருந்து கணபதி ஒன்றும் தூரமில்லை. அன்றைக்கு அந்த ரோடு முடியவே முடியாது போலிருந்தது.

லேத் பட்டறைகளுக்கு நடுவே சின்ன வீடு. துளசிமணி அம்மாவே கதவைத் திறந்தார். எங்கள் கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்ததும் பாதிக் கதவை மூடிவிட்டார்.

“பட்டனைக் குடுத்தாச்சுங்களே. இன்னும் என்னுங்க?”

“ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும்மா.”

“அவரு தூக்கத்துல போயிட்டாருங்க. எல்லாருக்கும் தெரியும். எந்த வலியும் இல்லை. டாக்டரே சொன்னாரு.”

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொன்னார். அப்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. அந்த நேரத்தில் வாசல்படியில் நின்ற மரியசூசை உள்ளே எட்டிப் பார்த்தார். ஹாலைத் தாண்டித் தெரிந்த அறை, அதில் கட்டில், மேலே ஃபேன்.

“இதுதான்,” என்றார். “மேடம், இந்த ரூம்தான்.” பிறகு அந்த அம்மாவைப் பார்த்தார். “துளசி.”

துளசிமணி அம்மா கதவைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கூப்பாட்டில் இருந்த இழுப்பு அவருக்குத் தெரிந்த இழுப்பாக இருந்திருக்க வேண்டும். வழியை விட்டு விலகினார்.

நடந்ததை முழுவதும் சொன்னேன், தப்பு என்னுடையது என்பதையும் சேர்த்து. அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில் மரியசூசையைப் பார்க்காமல் என்னைக் கேட்டார்.

“அப்ப இவருக்கு எல்லாம் தெரியுமுங்களா? சேர் நகர்ந்தது?”

“தெரியும்மா.”

“எத்தனை தடவை கூப்பிட்டாருன்னு தெரியுமுங்களா?”

மரியசூசை சொன்னார். “ஒன்பது.”

“ஒன்பது,” என்றார் துளசிமணி அம்மா. “நானும் எண்ணினேனுங்க.”

பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடி நின்றது. பிறகு அவராகவே பேசினார், எங்களிடம் இல்லை, எதிரே இருந்த சுவரிடம்.

“அன்னிக்குக் காலையில இருந்து முப்பது தடவை கூப்பிட்டிருப்பாரு அம்மிணி. முப்பது தடவையும் போனேன். போய் நின்னா, ஒண்ணுமில்லைம்பாரு. ஏழு வருசமா இதேதான். ஒரு கல்யாணம் காட்சி போனதில்லை. ஒரு வாய் காப்பி சூடாக் குடிச்சதில்லை. அன்னிக்குத்தான் இந்தக் காப்பியை மட்டும் குடிச்சுட்டுப் போலாம்னு உக்காந்தேன். கூப்பிட்டாரு. எந்திரிச்சேன். போனா ஒண்ணுமில்லைம்பாருன்னு திரும்ப உக்காந்துட்டேன். காப்பி குடிச்சு முடிச்சுட்டுத்தான் போனேனுங்க.”

அந்தக் காப்பி சூடாக இருந்ததா என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. என்ன ஜென்மம் நான் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

“அம்மா, இதை நீங்க செய்யணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை,” என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். ஒருவருடைய நான்கு வருடத்தைக் காப்பாற்ற இன்னொருவரை அந்த இருபது நிமிடத்துக்குள் திரும்ப அனுப்புவதற்கு நான் யார்?

லூர்துமேரி அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. நேரே போய் அந்த அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

“எங்க பாப்பாவுக்கு மூணு வயசும்மா. நாளைக்கு அவ பொறந்தது இவருக்கு இல்லாம போயிரும். அப்புறம் அவ நடந்தது. அப்புறம் அவ பேசுனது. அப்புறம் அவளே. நீங்க தப்பு செஞ்சீங்கன்னு நான் சொல்லல. நாலு வருசமா நானும் இவரைப் பாக்கிறேன். நானும் ஒண்ணு ரெண்டு தடவை காது கேக்காத மாதிரி இருந்திருக்கேன். எனக்கு நேரம் நல்லா இருந்துச்சு, அவ்வளவுதான்.”

துளசிமணி அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனார்.

மரியசூசையைக் கட்டிலில் படுக்க வைத்தோம். யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, சுவர் பக்கமாக ஒருக்களித்துப் படுத்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஃபேனைப் போட்டேன். நானும் லூர்துமேரியும் ஹாலில் நின்றோம். என் கையில் டேப்லெட். அதில் அவருடைய செஷனின் மேல்வரியில் அந்த ஒரு வார்த்தை: முடியவில்லை.

“துளசி.”

சமையலறையில் ஒன்றும் அசையவில்லை.

“துளசி.”

சேர் நகர்ந்தது. அப்புறம் சத்தமில்லை. லூர்துமேரி என் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதிந்தது. மூன்று, நான்கு என்று நானும் எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஐந்தாவது தடவை குரல் உடைந்தது. ஓடிப்போய் அந்த அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வரலாமா என்றுகூட நினைத்தேன். ஏழு. எட்டு.

ஒன்பதாவது தடவை கூப்பிடுவதற்குள் அவர் வந்துவிட்டார். கையில் ஒரு டம்ளர் தண்ணீர். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அறைக்குள் போனார், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“வந்துட்டேனுங்க.”

மரியசூசை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னுங்க வேணும்? சொல்லுங்க. தண்ணியா? முதுகு வலிக்குதுங்களா?”

“ஒண்ணுமில்ல துளசி,” என்றார். “இருக்கியான்னு பாத்தேன்.”

துளசிமணி அம்மாவின் தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. “இருக்கேனுங்க,” என்றார். “இங்கேதான் இருக்கேன்.” அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார். மரியசூசை பதினோரு நாளில் முதல் தடவையாகக் கையை நெஞ்சிலிருந்து எடுத்தார்.

இனி அடுத்த ரவுண்டு வரை காத்திருக்க வேண்டும். பதினான்கு நிமிடம் பாக்கி. ஹாலில் நானும் லூர்துமேரியும் மாறி மாறி நடந்தோம். அவள் ஜபம் சொன்னாள், பாதியில் விட்டாள், முதலிலிருந்து தொடங்கினாள். அறைக்குள் அந்த அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிடித்த கையை விடவில்லை. மரியசூசை கண் அசந்திருந்தார்.

டேப்லெட்டில் வரி ஒரு தடவை மின்னியது. முடிந்தது. அப்புறம் அந்த வரியே இல்லை.

பதினோரு நாளில் விழுந்த காப்பிகள் எல்லாம் போய்விட்டன. அடியில் பார்த்தேன். ரெஜினா பிறந்த மாதம் அப்படியே இருந்தது. லூர்துமேரியிடம் தலையாட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மரியசூசை கண்ணைத் திறந்தார். ஃபேனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். வாசலில் மனைவியைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

“மேரி? நாம எங்க இருக்கோம்? பாப்பாவ யார்ட்ட விட்டுட்டு வந்த?”

“எங்க அக்காகிட்ட,” என்றாள் லூர்துமேரி.

அப்போதுதான் தன் கை இன்னொருவர் கைக்குள் இருப்பதை அவர் கவனித்தார். கூச்சத்தோடு மெதுவாக இழுத்துக்கொண்டார். முன்பின் தெரியாத ஒரு பெரியம்மாவிடம் பேசும் மரியாதையோடு கேட்டார்.

“அம்மா, நீங்க யாருங்க? தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு ஞாபகம் நிக்காது.”

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். துளசிமணி அம்மா என்னைப் பார்த்து வேண்டாம் என்று கை காட்டினார். தண்ணீர் டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, காலியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூப்பிட்டீங்க தம்பி,” என்றார். “அதான் வந்தேன்.”